வாரம் 500 டாலர்: பேலா லுகோசி வழக்கு

1931இல் வெளிவந்த ‘டிராகுலா’ படத்தில் டிராகுலாவாக நடித்ததற்கு பேலா லுகோசி வாங்கிய சம்பளம் வாரத்துக்கு 500 டாலர். ஏழு வார வேலை. மொத்தம் 3,500 டாலர். படத்துக்கு ஆன செலவு சுமார் 3,40,000 டாலர். நூறு டாலர் செலவில் ஒரு டாலர்தான் டிராகுலாவுக்குப் போயிருக்கிறது. கதாநாயகியின் காதலனாக வந்து, படம் முழுக்க என்ன நடக்கிறது என்றே புரியாமல் நிற்கும் டேவிட் மேனர்ஸுக்குக்கூட அதைவிட அதிகம் கொடுத்தார்கள்.

லுகோசியின் சரிவுக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள். ஆங்கில உச்சரிப்பு, ஒரே வேஷத்தில் மாட்டிக்கொண்டது, போதை ஊசி. மூன்றும் நடந்தவைதான், மறுக்க முடியாது. ஆனால் அவர் வாழ்க்கையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு காகிதம் கிடக்கிறது. 1930 செப்டம்பரில் யூனிவர்சல் ஸ்டூடியோவோடு அவர் போட்ட ஒப்பந்தம். அன்றைக்கு எழுதிய விலையும் அன்றைக்கு எழுதாமல் விட்ட வரிகளும் அவர் செத்து 23 ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் வரை போயின. என் கணக்கில் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனாலும் ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அங்கே போகலாம்.

லுகோசி என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். பிறந்தது 1882 அக்டோபர் 20, அன்றைய ஹங்கேரி ராஜ்ஜியத்தின் லுகோஸ் என்ற ஊரில். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது. உண்மைப் பெயர் பேலா ஃபெரென்ச் டெஸோ பிளாஸ்கோ. ஹங்கேரிய மொழியில் ஊர்ப் பெயரோடு ‘இ’ சேர்த்தால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். நம் ஊரில் பாடகர்களும் நடிகர்களும் பெயருக்கு முன்னால் ஊரை ஒட்டிக்கொள்வதைப் போலத்தான். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, கூலி வேலை பார்த்து, சின்னச் சின்ன ஊர்களின் நாடகக் குழுக்களில் நுழைந்தார். 1913இல் புடாபெஸ்ட்டின் தேசிய நாடக அரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பெரும்பாலும் சின்ன வேஷங்கள்தான். அமெரிக்கா வந்த பிறகு விளம்பரத் துறை ஆட்கள் அவரை அந்த அரங்கத்தின் பெரிய நட்சத்திரம் போல எழுதினார்கள், அது வேறு விஷயம்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவத்தில் காலாட்படை அதிகாரியாக ரஷ்ய முனையில் சண்டையிட்டுக் காயம்பட்டார். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போர் முடிந்தது. 1919இல் பேலா குன் தலைமையில் ஹங்கேரியில் 133 நாள் ஒரு கம்யூனிஸ்ட் அரசு இருந்தது. அந்தக் காலத்தில் நடிகர்களுக்குத் தொழிற்சங்கம் அமைப்பதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் லுகோசி. அரசு கவிழ்ந்ததும் வியன்னாவுக்கு ஓடினார், அங்கிருந்து பெர்லினுக்கு. பெர்லினில் முர்னாவ் இயக்கிய ஒரு மவுனப் படத்தில் வேலைக்காரனாக வந்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. 1920 டிசம்பரில் ஒரு சரக்குக் கப்பலில் வேலையாளாகச் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார். மறு ஆண்டு நியூயார்க்.

நடிகர்களின் கூலிக்காகக் கொடி பிடித்து, அதனாலேயே நாட்டைவிட்டு ஓடியவர் தன் கூலியைப் பேசும்போது மட்டும் எப்படி அவ்வளவு குறைத்துக்கொண்டார்?

நியூயார்க்கில் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 1922இல் ஒரு ஆங்கில நாடகத்தில் வாய்ப்பு வந்தபோது வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து மேடையேறினார். அந்தக் கதையை அப்படியே இழுத்து ‘டிராகுலா’விலும் பொருள் தெரியாமல்தான் பேசினார் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் படம் எடுக்கும்போது அவர் அமெரிக்காவில் ஒன்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டிருந்தார். 1927 அக்டோபர் 5 அன்று பிராட்வேயின் ஃபுல்டன் அரங்கில் ‘டிராகுலா’ நாடகம் தொடங்கி 261 முறை நடந்தது, அதிலும் அவர்தான் டிராகுலா. பிறகு சுற்றுப் பயணமும் போனார். அந்த வேஷத்தின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அந்த மேலங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. டிராகுலா என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது தலைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் காலருடைய கறுப்பு மேலங்கி. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அப்படி ஒரு காலர் கிடையாது. அது இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் என்பவர் போட்ட மேடை நாடகத்தில் வந்தது, அதுவும் ஒரு வித்தைக்காக. டிராகுலா கண்முன்னே மறைய வேண்டும். நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார், உயர்ந்த காலர் தலையை மறைத்துக்கொள்ளும். மற்ற நடிகர்கள் மேலங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மேடையின் பொறிக்கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார். கடைசியில் கையில் வெறும் துணிதான் மிஞ்சும். பொறிக்கதவுக்காகத் தைத்த காலரை உலகத்து ரத்தக் காட்டேரிகளெல்லாம் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு முன் திரையில் வந்த காட்டேரி வேறு மாதிரி. 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் உரிமை வாங்காமலே எடுத்த படத்தில் மாக்ஸ் ஷ்ரெக் எலியைப் போலப் பல்லும் நீண்ட நகமுமாக வந்தார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவே வாங்கினார். லுகோசியின் காட்டேரியோ விருந்துக்குக் கிளம்பிய பிரபு. ஷ்ரெக்கைப் பார்த்தால் ஓடத் தோன்றும். லுகோசி வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்லிவிடுவோம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். யூனிவர்சல் நாவலுக்கும் நாடகத்துக்கும் சேர்த்து 40,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. இயக்குநர் டாட் பிரவுனிங். அவர் அதற்கு முன் லான் சேனியோடு பல படங்கள் செய்தவர், அதனால் சேனியின் பெயர் அடிபட்டது. மவுனப் படக் காலத்தின் மாபெரும் வேஷக்காரர் சேனி. 1930 ஆகஸ்ட் 26 அன்று புற்றுநோயால் இறந்துபோனார். அப்புறமும் ஸ்டூடியோ லுகோசியை உடனே கூப்பிடவில்லை. பால் முனி உட்பட வேறு பல பெயர்கள் பேச்சில் இருந்தன. பிராட்வேயில் 261 முறை ஆடிய ஆள் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்க, ஸ்டூடியோ அவரைத் தவிர மற்ற எல்லோரையும் யோசித்துக்கொண்டிருந்தது.

லுகோசி அந்த வேஷத்துக்காகத் துடித்தார். எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று நிற்கிறவனிடம் யாரும் நல்ல விலை பேசுவதில்லை. இது சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கடைசியில் அவருக்கே வேஷம் கிடைத்தது, அடிமாட்டு விலைக்கு. நடிகர் சங்கம் கட்டியவருக்குப் பேரம் தெரியாமல் இருந்திருக்காது. 47 வயது, அகதி, இந்த வேஷம் கைவிட்டுப் போனால் அடுத்தது வருமா என்ற பயம். அந்த நிலைமையில் சங்கம் இல்லாத தனி ஆள் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார்.

படத்தை இப்போது பார்க்கும்போது முதலில் உறைப்பது அதன் நிசப்தம். தலைப்பு ஓடும்போது ‘அன்னப்பறவை ஏரி’ இசையில் ஒரு துண்டு, இடையில் இசை அரங்கக் காட்சி ஒன்று, அவ்வளவுதான். மற்ற இடங்களில் பின்னணி இசையே கிடையாது. பேசும்படம் வந்து மூன்று நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதனால் லுகோசி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி முழுதாகக் காதில் விழுகிறது. விருந்தாளிக்கு மது ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் குடிப்பதில்லை என்கிறார். அங்கே நிறுத்துகிறார். பிறகுதான் ‘மது’ என்ற சொல் வருகிறது. அந்த நிறுத்தத்துக்குள் வேறு என்ன குடிப்பார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. உச்சரிப்பு அவருடைய குறை என்று பின்னால் சொன்ன அதே ஊர், இந்தப் படத்தில் அதை வைத்துத்தான் காசு பார்த்தது.

கண்களையும் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் ஜெர்மனியிலிருந்து வந்தவர். மெல்லிய ஒளிக்கற்றைகளை லுகோசியின் இரண்டு கண்கள் மேல் மட்டும் விழச் செய்தார். படம் முழுக்க டிராகுலாவுக்குக் கோரைப்பல் கிடையாது. கழுத்தில் கடிக்கும் காட்சியும் திரையில் வராது. குனிவார், காட்சி வெட்டிவிடும். பல்லும் ரத்தமும் இல்லாமல், முகம், கண், குரல், கை விரல்கள், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்தியிருக்கிறார் மனிதர். இதே செட்டில் ராத்திரி நேரத்தில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷ் மொழியிலும் ஒரு ‘டிராகுலா’ எடுத்தார்கள். கேமரா வேலையில் அது இதைவிட மேல் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அதில் டிராகுலாவாக வந்த கார்லோஸ் வில்லாரியாஸின் முகம் யாருக்காவது நினைவிருக்கிறதா?

1931 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ராக்ஸி அரங்கில் படம் வெளியானது. பொருளாதாரம் குப்புற விழுந்திருந்த நேரத்தில் யூனிவர்சலுக்கு நல்ல வசூல். லுகோசிக்கு அதே ஆண்டு அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது.

அடுத்து வந்ததுதான் எல்லோரும் பேசும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ விவகாரம். முதலில் ராபர்ட் ஃப்ளோரி இயக்குவதாக இருந்தது. அரக்கனாக லுகோசி நடிப்பதாக விளம்பரமும் வந்தது. ஒப்பனை போட்டு ஒரு சோதனைக் காட்சியும் எடுத்தார்கள், அந்தச் சுருள் இன்று இல்லை. பிறகு படம் ஜேம்ஸ் வேல் கைக்குப் போனது, அவர் போரிஸ் கார்லாஃபைத் தேர்ந்தெடுத்தார். வசனமே இல்லாத ஊமை அரக்கனாக நடிக்க மாட்டேன் என்று லுகோசி தூக்கி எறிந்தார் என்பது ஒரு கதை. ஃப்ளோரியை அனுப்பியபோதே லுகோசியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்பது இன்னொன்று. லுகோசியே முதல் கதையைத்தான் சொல்லிவந்தார். வேலை போனது என்பதைவிட வேலையை உதறினேன் என்பது கௌரவமாக இருக்கும், எந்த நடிகனும் அதைத்தான் சொல்வான்.

கார்லாஃபின் உண்மைப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டன்காரர். அவருக்கும் லுகோசிக்கும் இருந்த வித்தியாசத்தை நடிப்பில் தேடுவதைவிட ஒப்பனை மேஜையில் தேடலாம். ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் உட்கார்ந்து கார்லாஃபின் முகத்தின் மேல் இன்னொரு முகத்தைக் கட்டினார். மாலையில் கலைத்துவிட்டால் கீழே அமைதியான ஒரு ஆங்கிலேயர் இருந்தார், அவருக்கு வேறு வேஷம் கொடுக்கலாம். லுகோசியின் டிராகுலாவுக்கு அப்படிக் கலைக்க ஒன்றும் இல்லை. அது அவருடைய சொந்த முகம், சொந்தக் குரல், சொந்த நடை. வீட்டுக்குப் போகும்போதும் அதோடுதான் போனார்.

1932 அக்டோபரில் லுகோசி திவால் மனு போட்டார். ‘டிராகுலா’ வந்து இருபது மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசு வந்தால் ஹங்கேரிய நண்பர்களைக் கூட்டி விருந்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு, செலவாளிதான். ஆனால் அவர் எடுத்த முடிவுகளை மட்டும் பாருங்கள். அதே ஆண்டு ‘ஒயிட் ஸாம்பி’ என்ற படத்தில் கதாநாயக வில்லனாக வந்தார். பதினோரு நாளில் எடுத்து முடித்த சின்னப் படம், நன்றாக ஓடியது, அதிலும் அவருக்குச் சொற்பமே. இன்ன விலைக்கு இந்த ஆள் வருவார் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. ஹாலிவுட் சின்ன ஊர், யார் எவ்வளவுக்கு வந்தார் என்பது மறுநாள் காலையிலேயே அடுத்த ஸ்டூடியோவுக்குத் தெரிந்துவிடும்.

1934இல் ‘பிளாக் கேட்’. கார்லாஃபும் லுகோசியும் சேர்ந்து நடித்த முதல் படம். விளம்பரத்தில் ‘கார்லாஃப்’ என்ற ஒற்றைப் பெயர் பெரிதாக, அதற்கு அப்புறம் பேலா லுகோசி. 1935இல் ‘ரேவன்’. இதில் கதையைத் தாங்குவது லுகோசி. எட்கர் ஆலன் போ மேல் பைத்தியம் பிடித்து, வீட்டின் நிலவறையில் சித்திரவதைக் கருவிகள் செய்து வைத்திருக்கும் மருத்துவர் வேஷம். கார்லாஃப் இரண்டாவது ஆள். ஆனால் பெயர் முதலில் வந்தது கார்லாஃபுக்கு, சம்பளமும் லுகோசியைப்போல் இரண்டு மடங்கு. இவ்வளவுக்கும் இருவருமே 1933இல் தொடங்கிய அமெரிக்கத் திரைப்பட நடிகர் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர்கள். லுகோசிக்கு மறுபடியும் ஒரு சங்கம். அவரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது பிறந்திருக்கவில்லை.

பிறகு திகில் படங்களே நின்றுபோயின. பிரிட்டனில் இந்தப் படங்களுக்கு எதிர்ப்பு வலுத்து, தணிக்கை இறுகியது. அமெரிக்கப் படங்களுக்கு அது பெரிய சந்தை. யூனிவர்சலை நிறுவிய லேம்லே குடும்பமும் 1936இல் கம்பெனியை விட்டுப் போனது. புதிதாக வந்தவர்களுக்குப் பேய்ப்படத்தில் ஆர்வமில்லை. கார்லாஃபுக்கு வேறு வேஷங்கள் கிடைத்தன. லுகோசிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வீடு போனது. 1938 ஜனவரியில் மகன் பிறந்தபோது பிரசவச் செலவுக்குத் திரைத்துறை நிவாரண நிதியின் உதவியை நாட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெவர்லி ஹில்ஸில் ரெஜினா என்ற சின்னத் திரையரங்கு. வியாபாரம் படுத்துக்கிடக்கிறது. உரிமையாளர் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, இன்னொரு பழைய படம் என மூன்றையும் ஒரே டிக்கெட்டுக்குப் போட்டார். தெருவெல்லாம் வரிசை. லுகோசியையே நேரில் வரவழைத்துக் கூட்டத்துக்கு முன் நிறுத்தினார். யூனிவர்சல் விழித்துக்கொண்டு, இரண்டு படங்களையும் ஜோடியாக நாடு முழுவதும் மறுவெளியீடு செய்தது. ஏழு ஆண்டு முன்பு ஏழு வாரச் சம்பளத்தோடு கணக்கை முடித்துக்கொண்டவருக்கு இந்த இரண்டாம் வசூலில் ஒரு காசு வர வழியில்லை. வேலை மட்டும் வந்தது, ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’.

இந்தப் படத்தில் அவருக்கு முதலில் இருந்தது சின்ன வேஷம். சம்பளத்தையும் பாதியாகக் குறைத்து வாரம் 500 என்றார்கள், அவருடைய காட்சிகளையெல்லாம் ஒரே வாரத்தில் எடுத்து முடித்துவிடுவது என்று திட்டம். எட்டு ஆண்டு கழித்தும் அதே 500! இயக்குநர் ரோலண்ட் லீக்கு இது தெரியவந்ததும் கொதித்துப்போனார். லுகோசியின் வேஷத்தை வளர்த்துக்கொண்டே போய், படப்பிடிப்பின் கடைசிவரை அவரைச் செட்டில் வைத்துக்கொண்டார். அப்படி வளர்ந்ததுதான் இகோர், தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்தெலும்பு முறிந்து கோணிக்கொண்டு திரியும் கிழவன். தாடி, கோணல் பல், கரகரத்த குரல், குறும்புச் சிரிப்பு. படத்தைப் பார்க்கிறவருக்கு இது டிராகுலா நடிகர் என்று சொன்னால்தான் தெரியும். அவருக்கு ஒரே வேஷம்தான் வரும் என்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். அதே 1939இல் கிரேட்டா கார்போவின் ‘நினோட்ச்கா’வில் சோவியத் அதிகாரியாக ஒரு சின்னக் காட்சியில் வந்து, எந்தப் பயமுறுத்தலும் இல்லாமல் இயல்பாக நடித்துவிட்டுப் போனார்.

1943இல் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிராங்கன்ஸ்டைன் வரிசையில் அதற்கு முந்தைய படத்தின் முடிவில் இகோரின் மூளையை அரக்கனின் தலைக்குள் வைத்துவிடுவார்கள். ரத்த வகை சேராமல் அரக்கனுக்குக் கண் தெரியாமல் போகும், பேசுவது இகோரின் குரலில். இதன் தொடர்ச்சியில் அரக்கனாக நடிக்க வேண்டியது லுகோசிதான் என்று ஸ்டூடியோ முடிவு செய்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கைநழுவிய அதே வேஷம், இப்போது வயது அறுபது. கர்ட் சியோட்மாக் எழுதிய திரைக்கதையில் அரக்கன் குருடன், நிறையப் பேசுவான். லுகோசியும் குருடனாகவே நடித்தார், கைகளை முன்னால் நீட்டி, காலால் தடவித் தடவி. படம் முடிந்து ஸ்டூடியோவுக்குள் போட்டுப் பார்த்தபோது அரக்கன் ஹங்கேரிய உச்சரிப்பில் பேசுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்களாம். வசனம் முழுவதையும் வெட்டினார்கள். கண் தெரியாது என்று சொல்லும் வரிகளும் அதோடு போய்விட்டன. மிஞ்சியது காரணமே தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு தடுமாறும் ஒரு அரக்கன். விமர்சகர்கள் லுகோசியைக் கேலி செய்தார்கள். ஆனால் அன்று முதல் கேலிச்சித்திரத்திலும் மாறுவேடப் போட்டியிலும் ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கன் என்றால் கையை நீட்டிக்கொண்டுதான் நடக்கிறான். கார்லாஃபின் அரக்கன் அப்படி நடந்ததில்லை. லுகோசி கண் தெரியாதவனாக நடித்ததன் எச்சம் அது.

இடையில் மோனோகிராம் என்ற சின்னக் கம்பெனிக்கு ஒன்பது படங்கள். மலிவான செட், அவசரக் கதை. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் மட்டும் ஒவ்வொன்றிலும் ஷேக்ஸ்பியர் ஆடுவதைப் போல முழு மூச்சோடு நடித்திருப்பார், பார்க்கப் பாவமாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உலகமே டிராகுலா என்று அழைத்த இந்த மனிதர் முழுநீளப் படத்தில் டிராகுலாவாக வந்தது இரண்டே முறை. 1931இல் ஒன்று, 1948இல் அபாட்-காஸ்டெல்லோ நகைச்சுவை ஜோடியோடு ஒன்று. கொலம்பியா ஸ்டூடியோ 1943இல் அவரைக் காட்டேரியாகப் போட்டபோதுகூட, யூனிவர்சலோடு வம்பு வேண்டாமென்று அர்மாண்ட் டெஸ்லா என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே முகம், அதே மேலங்கி, பெயர் மட்டும் வேறு.

போரில் பட்ட காயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சியாட்டிகா வலிக்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். வலிக்கு மருத்துவர்கள் மார்ஃபின் கொடுத்தார்கள், பிறகு டெமரால், மெத்தடோன். பழக்கம் ஆளைத் தின்றது. நான்காவது மனைவி லில்லியன் இருபது ஆண்டு கூட இருந்து பார்த்துவிட்டு 1953இல் பிரிந்தார். 1955 ஏப்ரலில், 72 வயதில், லுகோசி தானாகவே அதிகாரிகளிடம் போய்த் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, நார்வாக்கில் இருந்த அரசு மருத்துவமனையில் அனுமதியானார். ஹாலிவுட் நடிகர்கள் இந்த விஷயத்தை மூச்சுவிடாத காலம் அது. செய்தித்தாள்கள் கட்டிலுக்கே வந்து படம் எடுத்தன. ஆகஸ்டில் குணமாகி வெளியே வந்து, ஹோப் என்ற ரசிகையை மணந்தார்.

இயக்குநர் எட் வுட் கதை நிறையப் பேருக்குத் தெரியும். லுகோசி கடைசியாக நடித்த சில நிமிடக் காட்சிகளை வைத்துக்கொண்டு, அவர் இறந்த பிறகு ஒரு முழுப் படத்தை ஒட்டுப்போட்டு முடித்தார் வுட். மீதிக் காட்சிகளுக்கு டூப்பாகப் போட்டது வுட்டின் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரை. ஆள் லுகோசியைவிட உயரம், ஜாடையும் இல்லை. அதனால் படம் முழுக்க மேலங்கியால் மூக்குவரை மூடிக்கொண்டே நடப்பார்.

1956 ஆகஸ்ட் 16 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் மாரடைப்பில் இறந்தார் லுகோசி. வயது 73. டிராகுலா மேலங்கி ஒன்றை அணிவித்து ஹோலி கிராஸ் கல்லறையில் புதைத்தார்கள். அவரே அப்படி விரும்பினார் என்று ஒரு பேச்சு உண்டு. முடிவு செய்தது லில்லியனும் மகனும்.

அந்த மகன், பேலா ஜார்ஜ் லுகோசி, வளர்ந்து வழக்கறிஞரானார். 1960 முதல் யூனிவர்சல் ‘டிராகுலா’ உருவத்தைப் பொருள்களில் போட உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் பழைய பேய்ப்படங்கள் ஓடி, புதிய தலைமுறைப் பிள்ளைகள் அதன் பின்னால் அலைந்த காலம். பென்சில் சீவி, பனியன், சோப்பு, சீட்டு, முகமூடி, பட்டம், பெல்ட் பக்கிள், பானம் கலக்கும் குச்சி, எல்லாவற்றிலும் அப்பாவின் முகம். அதே வேஷத்தை வேறு நடிகர்களும் செய்திருந்தார்கள், ஆனால் கடையில் விற்றது இவர் முகம்தான். 1966இல் மகனும் ஹோப்பும் யூனிவர்சல் மேல் வழக்குப் போட்டார்கள்.

வழக்கில் 1930 ஒப்பந்தம் மேஜைக்கு வந்தது. அதில் லுகோசியின் நடிப்பைப் படம் பிடிக்கவும் திரையிடவும், படத்தின் விளம்பரத்துக்கு அவர் பெயரையும் தோற்றத்தையும் பயன்படுத்தவும் உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. பென்சில் சீவியைப் பற்றி ஒன்றுமில்லை. 1930இல் யாருக்கும் அது தோன்றியிருக்காது. கொடுக்காதது கொடுக்காததுதான், அது குடும்பத்துக்குச் சேரும் என்று 1972இல் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1979 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை அந்த மனிதருடையது, உயிரோடு இருக்கும்போது அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இறங்காது. நீதிபதி மாஸ்க் தனியாக எழுதிய குறிப்பில், டிராகுலாவை உருவாக்கியது லுகோசி அல்ல, அவர் ஒரு வேஷத்தில் நடித்தவர் மட்டுமே என்றார். தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் இதை ஏற்காமல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

மாஸ்க் சொன்னது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் டிராகுலா என்ற பாத்திரம் பொதுச் சொத்தாகக் கிடந்தது, யார் வேண்டுமானாலும் ஒரு டிராகுலாவை வரைந்து சோப்பு உறையில் போடலாம். அப்படியிருந்தும் யாரோ ஒரு டிராகுலாவைப் போடாமல் இந்த ஒரு முகத்தையே போட்டார்கள். அந்தப் பாத்திரத்தில் அவர் உருவாக்கியது ஒன்றுமில்லை என்றால், அப்படிப் போட்டதற்கு என்ன காரணம்? தீர்ப்பில் எனக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை.

உயிரோடு இருக்கும்போது பயன்படுத்தியிருக்க வேண்டுமாம். 1938இல் பிரசவச் செலவுக்குக் கையேந்தியவரிடம் பென்சில் சீவி யாரும் கொண்டுவந்து நீட்டவில்லை.

வழக்கு தோற்றாலும் விஷயம் அதோடு முடியவில்லை. 1984இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 1985 ஜனவரி 1 முதல், இறந்த பிரபலங்களின் பெயரும் முகமும் குரலும் 50 ஆண்டுக்கு அவர்களுடைய வாரிசுகளுக்கு என்றானது. முன்பே இறந்துபோனவர்களுக்கும் அது பொருந்தியது. பிறகு அதை 70 ஆண்டாக நீட்டினார்கள். இன்று லுகோசியின் முகத்தை ஒரு பொம்மையில் போட வேண்டுமென்றால் குடும்பத்திடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

இறந்தது 1956 ஆகஸ்ட். 70 ஆண்டைக் கூட்டினால் 2026 ஆகஸ்ட், அதோடு அந்தச் சட்டப்படி முகத்தின் மேல் குடும்பத்துக்கு இருக்கும் உரிமை முடிகிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி 1931 படத்துக்கு 95 ஆண்டு, அது 2026 டிசம்பர் 31 வரை. மறுநாள் காலையிலிருந்து யூனிவர்சலும் அந்தப் படத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது.